ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிர்ந்த கூரை

ஓர் ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தால், ஒருவர் வேலை செய்தவர், ஒருவர் சண்டை பிடித்தவர், மற்றவர் தேநீர் வாங்கிக் கொடுத்தவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை ஆய்வு நிலையத்தின் காலநிலைப் பிரிவில் பணியில் இருந்த காலத்தில் நான் பெரும்பாலும் மூன்றாமவளாகவே இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தேநீர் இல்லாமல் எங்கள் பிரிவில் ஒரு கட்டுரையும் முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

போன மாதம், அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளே, உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். கட்டுரையில் பெயர்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்று கேட்டார். ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டேன். அது இன்னும் முடிவாகவில்லையாம். அவருக்கு அன்று சரியான பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசித்தால் குறைந்துவிடாது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பூமி சூடாகிறது, அதை மனிதனே தலையிட்டுக் குளிர்விக்கலாமா என்று உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். காலநிலைப் பொறியியல் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். வெயிலைத் திருப்பி அனுப்ப வானத்தில் தூள் தூவலாம், கடலுக்கு மேலே முகில்களை இன்னும் வெளுப்பாக்கலாம், கூரைகளுக்கு வெள்ளையடிக்கலாம் என்று பல திட்டங்கள். முதல் இரண்டுக்கும் விமானமும் கப்பலும் வேண்டும். எங்கள் பிரிவில் இருந்தது ஓர் ஏணி. ஆகவே கூரையைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்த ஆய்வில் என்னோடு இரண்டு பேர். முதலாவது கலைவாணி, உடப்புசல்லாவையைச் சேர்ந்தவள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பிள்ளை. பல்கலைக்கழகம் முடித்துத் தற்காலிக நியமனத்தில் வந்திருந்தாள். அந்த நியமனம் வருட நடுவில் முடியும். அதற்குள் முதல் பெயராக ஒரு கட்டுரை இருந்தால் நிரந்தரப் பதவிக்கான நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி மாமாவின் இரும்புக் கடையில் உட்கார வேண்டும். மாமா நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். அவளுக்கென்று கடையில் ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டாராம். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அந்த ஸ்டூலைத் துடைத்துக் காட்டுவார் என்று அழாத குறையாகச் சொல்வாள்.

இரண்டாவது சஞ்சீவன். யாழ்ப்பாணம், வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கணக்கில் புலி. அவன் எழுதிய முதல் வரைவின் முதல் வாக்கியம் "மனித குலம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது" என்பது. நான் அதை வெட்டிவிட்டு, டிக்கோயாவிலிருந்து தொடங்கு, மனித குலம் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். அடுத்த வரைவில் மனித குலம் இரண்டாம் பந்தியில் நின்றது. அதற்கடுத்த வரைவில் அடிக்குறிப்புக்கு வந்துவிட்டது. விடாக்கண்டன்.

டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு லயங்களை எடுத்துக்கொண்டோம். மலைச்சரிவு என்பதால், மேல் லயத்து வாசலில் நின்றால் கீழ் லயத்துக் கூரை இடுப்புயரத்தில் இருக்கும், கையை நீட்டினால் தொடலாம். இரண்டிலும் ஒரே வயதான தகரம், ஒரே புகைக்கறுப்பு. ஒன்றுக்கு வெள்ளையடிப்பது, மற்றதை அப்படியே விடுவது, இரண்டின் கீழும் வெப்பத்தைப் பதியும் சின்னக் கருவிகளை வைத்து ஒப்பிடுவது. இவ்வளவுதான் ஆய்வு.

எந்த லயத்துக்கு வெள்ளை என்பதைப் பூவா தலையா போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று சஞ்சீவன் ஒற்றைக்காலில் நின்றான். ஆய்வு நெறி அப்படியாம். மேல் லயம் வென்றது. கீழ் லயத்துத் தலைவர், முதல் தடவை சுண்டியது வெள்ளோட்டம்தானே, இனி உண்மையாகச் சுண்டுங்கள் என்றார். அவரைச் சமாதானப்படுத்த அரை நாள் போனது. ஆய்வு முடிந்ததும் உங்களுக்கும் அடித்துத் தருவோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் பிடித்துக்கொண்டிருந்த ஏணியை விட்டார்.

வெள்ளையடித்த கூரை தூரத்து ரோட்டுக்கே பளிச்சென்று தெரிந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் புதுக் கோயில் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கலைவாணிக்கு அந்தக் கூரை மேல் அப்படி ஒரு பாசம். மேல் லயத்து ஆட்களை வாசலில் கூட்டி வைத்து, கூரையில் மிளகாய் காயப்போடக் கூடாது, துணி போடக் கூடாது, பிள்ளைகளின் பந்து விழுந்தால்கூடத் தன்னிடம் கேட்காமல் ஏறக் கூடாது என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்கும் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவைப் போல உத்தரவு போட்டாள். அவர்களும் சரி சரி என்று தலையாட்டினார்கள்.

கீழ் லயத்து ஆட்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கூரையில்தான் நாங்கள் எதுவும் செய்யவில்லையே.

செய்தது ஒன்றே ஒன்று. கீழ் லயத்தில் கருவி வைத்த இடத்துக்கு நேர் மேலே தகரத்தில் பாசி பிடித்திருந்தது. பாசி ஈரத்தைப் பிடித்து வைத்து அளவைக் கெடுத்துவிடும் என்று சஞ்சீவன் ஏறி உட்கார்ந்து, அந்த இடத்தை மட்டும் வெகு நேரம் தேய்த்துக் கழுவினான். அவ்வளவு பெரிய கூரையில் அந்த ஒரு சதுரம் மட்டும் தட்டு மாதிரி மினுங்கியது.

புதன்கிழமைகளில் போய்ப் பதிவுகளை எடுத்து வந்தார்கள். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெள்ளைக் கூரையின் கீழ் கொஞ்சம் குளிர். பிரமாதமாக இல்லை, ஆனால் கொஞ்சம். கலைவாணி சந்தோஷமாக எழுதத் தொடங்கினாள். பிறகுதான் அந்த விநோதம் தென்பட்டது. வாரத்தின் மற்ற நாட்களில் சூடாக இருக்கும் கீழ் லயம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் திடீரென்று குளிர்ந்தது. வெள்ளைக் கூரையைவிடக் குளிர்ந்தது. திங்கட்கிழமை பழையபடி சூடு. அடுத்த ஞாயிறும் அப்படி. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சஞ்சீவன் ஒரு தத்துவம் கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பதில்லை, ஆகவே தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புப் புகை இல்லை, புகை இல்லாததால் சரிவில் காற்றோட்டம் மாறி, குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கிக் கீழ் லயத்தின் மேல் படுத்துக்கொள்கிறது. அம்பு அம்பாகப் படம் வரைந்து, பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதி, "ஞாயிறு விளைவு" என்று பெயரும் சூட்டிவிட்டான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாரநாளில் ஒரு காலநிலை, வாரக்கடைசியில் ஒரு காலநிலை என்று வெளிநாட்டு நகரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு என்பதால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

சுருக்கத்தை எங்களுக்கு ஆலோசனை சொல்லும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். சாதாரணமாக எங்களுக்குப் பதில் எழுத அவருக்கு ஒரு மழைக்காலம் பிடிக்கும். இந்த முறை மறுநாளே எழுதினார். பெரிய மாநாட்டுக்கு அனுப்புங்கள், திங்கட்கிழமை கடைசி நாள், என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அதோடு பிடித்தது சனி. எங்கள் பிரிவுத் தலைவர் தாம் ஆரம்பத்திலிருந்தே ஊக்கம் கொடுத்ததை நினைவூட்டினார். வாகனப் பகுதி அதிகாரி, வாகனம் கொடுத்தது யார் என்று கேட்டார். பெயின்ட் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது தாம்தான் என்று ஒருவர் சொன்னார், இருந்தது ஒரே நிறம் என்றபோதும். தலைப்பைவிடப் பெயர் வரிசை நீளமாகப் போய், இரண்டாம் வரிக்கு மடங்கியது.

கலைவாணி மட்டும் ராத்திரி பகலாக எழுதிக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டுரை போனால் ஸ்டூலிலிருந்து தப்பினேன் மேடம் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்தது. என் அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை பார்த்தவர். சனிக்கிழமை பறித்த கொழுந்து ஞாயிறு காலையில்தான் அரைபட்டுக் காயும். அப்பா ஞாயிறு மத்தியானத்துக்கு மேல்தான் புகை நாற்றத்தோடு வீட்டுக்கு வருவார். இவர்களுடைய கூரையோ ஞாயிறு காலை வெயில் ஏறும்போதே குளிர்ந்துவிடுகிறது. அடுப்பு எரியும் நேரத்தில் புகை எப்படி இல்லாமல் போகும்?

சனிக்கிழமை இரண்டு பேரையும் கூப்பிட்டு, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை, தீபாவளியன்று கந்தோருக்கு வேலைக்கு வரச் சொன்னது போல இருந்தது. ஞாயிறு லீவு நாள் மேடம் என்றாள் கலைவாணி. தான் அன்றைக்கு ஓய்வெடுத்தால்தான் திங்கட்கிழமை மூளை வேலை செய்யும் என்றான் சஞ்சீவன். தேநீர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, மறுநாள் காலை இருவரையும் டிக்கோயா பஸ்ஸில் ஏற்றினேன்.

வளைவு திரும்பியதும் மேல் லயத்துக் கூரை வெள்ளை வெளேரென்று, ஒரு காக்கை எச்சம்கூட இல்லாமல் தெரிந்தது. கலைவாணி பெருமையாகப் பார்த்தாள். அதன் கீழே இருந்த கூரையைத்தான் காணவில்லை. அதாவது, கூரை இருந்தது, தகரம் தெரியவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சேலை, சாரம், கம்பளி, பள்ளிக்கூட உடுப்பு, குழந்தைத் துணி, ஒரு பெரிய மெத்தையுறை. எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். மேல் லயத்துப் பெண்கள் பீலித் தண்ணீரில் அலசியதை வாளி வாளியாகத் தங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து, நின்ற இடத்திலிருந்தே கீழ்க் கூரையில் வீசி விரித்துக்கொண்டிருந்தார்கள். கீழ் லயத்துப் பெண்கள் தங்கள் பங்குக்குக் கீழிருந்து ஏணி வைத்து விரித்தார்கள். இரண்டு லயத்து ஒரு வார அழுக்கும் அந்த ஒரே கூரையில் காய்ந்தது.

மேல் லயத்துப் பாக்கியம் அக்காதான் எங்களை முதலில் கண்டது. வாங்க வாங்க என்று வரவேற்றாள். என்னக்கா இது என்று கலைவாணி கேட்ட குரலில் அக்காவுக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

"நீங்கதானே மிஸ், எங்க கூரையில ஒரு கைக்குட்ட கூட போடக் கூடாதுன்னீங்க. அதான் கீழ போடுறோம். கீழ போடாதீங்கன்னு யாரும் சொல்லலயே."

கீழ் லயத்தாருக்கு இதில் மனவருத்தம் கிடையாதா என்று கேட்டேன். மனவருத்தமா? அவர்களுக்குத் திருவிழா. வெள்ளைக் கூரை கிடைத்தவர்கள் வாராவாரம் வந்து, கறுப்புக் கூரையில் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கேட்பதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் கூரைதான் உபயோகமான கூரை என்று தலைவர் தோட்டமெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

சஞ்சீவன் இன்னும் நம்பிக்கையை விடவில்லை. துணி எல்லா இடத்திலும் இருக்கலாம், கருவிக்கு மேலே இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று சொல்லிக்கொண்டே மேல் வாசல் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தான். அவன் தேய்த்து மினுக்கிய அந்தச் சதுரத்தின் மேல், அகல விரித்தபடி, தண்ணீர் ஊறிக் கனத்து ஒரு நீல டெனிம் கால்சட்டை கிடந்தது. அவனைப் பார்த்துப் பாக்கியம் அக்கா சிரித்தாள்.

"சஞ்சீவன் சேரோட டெனிமுக்குன்னு நல்ல எடமா பாத்து வச்சிருக்கேன். சேரே தேச்சி சுத்தமாக்குன எடம். அங்க வேற யாரையும் ஒரு துணி போட விடுறதில்ல."

விஷயம் இதுதான். சஞ்சீவன் புதன்கிழமை பதிவெடுக்க வரும்போது தன் அழுக்குத் துணிகளைப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த புதன் மடித்து வாங்கிப் போவான். ஞாயிற்றுக்கிழமை அவன் எடுத்த ஓய்வின் இரகசியம் அதுதான். மலைநாட்டுக் குளிரில் டெனிம் லேசில் காயுமா? காலையிலிருந்து மாலை வரை அவனுடைய கால்சட்டையே அவனுடைய கருவியைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. ஞாயிறு விளைவைக் கண்டுபிடித்தவனும் அதை உண்டாக்கியவனும் ஒரே ஆள்தான்.

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. மண் மேட்டில் உட்கார்ந்து சிரித்தேன், பெண்களும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் கலைவாணி சிரிக்கவில்லை. கண் கலங்கி நின்றாள். லயத்திலேயே பிறந்து, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தகரத்தில் காயப்போட்டு வளர்ந்தவள் நான், எனக்கு இது தோன்றவில்லையே மேடம் என்றாள். எனக்கும் அடுப்புதான் தோன்றியது, துணி தோன்றவில்லை என்று சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. மறுநாள் கடைசி நாள். சிரித்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சஞ்சீவன்தான் முதலில் தெளிந்தான்.

"ஞாயிறை விட்டிட்டு மிச்ச நாளை மட்டும் எடுப்பம் மேடம். வெள்ளைக் கூரை குளிர் எண்டுறது உண்மைதானே. நாளைக்கே அனுப்பலாம். ஆருக்குத் தெரியப் போகுது?"

பிள்ளைகளே, இது முட்டாள்தனமான யோசனை இல்லை, அதை விளங்கிக்கொள்ளுங்கள். முட்டாள்தனமான யோசனையை மறுப்பது சுலபம். ஞாயிறுகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான, சுத்தமான ஒரு முடிவு. பொய்யென்று யாரும் கைகாட்ட முடியாது. அந்தப் பெண்ணின் வேலையை நினைத்தபோது, சரி அப்படியே செய்வோம் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது உண்மை. ஆனால் முதல் பெயர் என்னுடையது இல்லை. உன் பெயர்தான் முன்னால் இருக்கிறது, நீ சொல் என்று கலைவாணியிடம் விட்டேன்.

அவள் பாக்கியம் அக்காவிடம் போய், வாரநாளில் யாராவது துணி போடுவதுண்டா என்று கேட்டாள். பிள்ளை பெற்று வீட்டிலிருப்பவர்கள் போடுவார்கள், சுகமில்லாமல் நிற்பவர்கள் போடுவார்கள், எந்த நாள் என்று யார் கண்டது என்றாள் அவள். கலைவாணி திரும்பி வந்தாள்.

"மத்த நாளும் என்னா கெடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது சஞ்சீவன். ஞாயித்துக்கெழமைய மட்டும் எடுத்துட்டா, நமக்குத் தெரிஞ்ச தப்பத்தான் எடுக்குறோம். நான் நாளைக்கு அனுப்பல."

அன்று மாலையே பேராசிரியருக்கு எழுதிப் போட்டாள். காரணத்தை மழுப்பாமல், சேலை, கம்பளி, டெனிம் என்று வரிசையாக எழுதினாள். அதன் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே. பேராசிரியர் தமக்கு வேறு வேலைகள் இருப்பதாகவும் பெயரை எடுத்துவிடும்படியும் எழுதினார். பிரிவுத் தலைவர் தாம் ஊக்கம் மட்டும்தான் கொடுத்ததாகச் சொன்னார். வாகனத்தைக் கொடுத்தது அரசாங்கம் என்றார் வாகனப் பகுதி அதிகாரி. நிறம் தேர்ந்தெடுத்தவரை அந்த மாதம் முழுவதும் காணவே இல்லை. ஒரு வாரத்தில் பெயர் வரிசை ஒரே வரிக்குச் சுருங்கி, மூன்று பேர் மிஞ்சினோம். யார் பெயர் எந்த வரிசையில் என்று கேட்டீர்களே, முடிவு கெட்டுப்போன பிறகும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வரிசை தானாக வந்துவிடும்.

அந்த வெயில்கால மிச்சத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். இரண்டு லயத்து வாசலிலும் கம்பம் நட்டுக் கொடிக்கயிறு கட்டிக் கொடுத்தார்கள். இந்த முறை இரண்டு லயத்து ஆட்களையும் ஒன்றாகக் கூட்டி வைத்துப் பேசினாள் கலைவாணி. கீழ்க் கூரையின் மவுசு போய்விட்டதே என்று தலைவருக்குத்தான் துக்கம். சஞ்சீவன் தன் டெனிமைத் தானே தோய்க்கப் பழகினான். அதில் அவன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு மனித குலத்தின் அழிவு பற்றிய பேச்சு கொஞ்சம் குறைந்தது.

புதிய முடிவு சின்னது. வெள்ளைக் கூரை கொஞ்சம் குளிர்கிறது, ஞாயிறு என்று தனியாக ஒன்றும் இல்லை. பெரிய மாநாடு அதற்குள் முடிந்துவிட்டது. சின்ன ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அதை வைத்துக் கலைவாணியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், விதிப்படி கூப்பிட வேண்டியிருந்ததால்.

நேர்முகம் நுவரெலியாவில். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் தலைமை. சிரித்தே அறியாத முகம். மேசையைச் சுற்றி எல்லாப் பிரிவுத் தலைவர்களும் இருந்தார்கள், ஒரு ஓரத்தில் நானும். பெரியவர் கையில் கலைவாணியின் கட்டுரையும் இருந்தது, முன்பு எங்கள் பிரிவுத் தலைவர் ஆசையாகக் கொழும்புக்கு அனுப்பியிருந்த அந்தப் பழைய சுருக்கமும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலில் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு, பிறகு இவ்வளவு சிறிய முடிவு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் பிரிவுத் தலைவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். மீண்டும் கணக்கிட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லேன் பிள்ளை என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

கலைவாணி சிங்களத்திலேயே பதில் சொன்னாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"முதலில் அனுப்பியது சேலையின் அளவு, சேர். இதுதான் கூரையின் அளவு."

என்ன சேலை என்றார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். டெனிம் வந்தபோது மேசையே குலுங்கியது, மண் பிரிவுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. இது எப்படித் தெரியவந்தது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம் என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அவளை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, மண் பிரிவிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரிடமும், உங்கள் ஆய்வு நடக்கும் இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக யார் போனது என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மண் பிரிவு பூச்சிப் பிரிவைப் பார்த்தது. பூச்சிப் பிரிவு தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தது.

மறுவாரம் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்றில் கலைவாணிக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. மற்றதில் எங்கள் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு போயிருந்தது.